வன்னியில் வளவுத் தோட்டம்: வேலி முதல், விதை கடைசி

யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வன்னிக்கு வந்து, வளவில் நாலு மரக்கறியும் இரண்டு பழமரமும் வைப்போம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்தவர்களில் அநேகம் பேர் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள். ஐப்பசியில் முதல் மழை விழுந்த கையோடு கடைக்கு ஓடி, பத்துப் பதினைந்து விதைப் பக்கற் வாங்கி வந்து, கண்ட இடமெல்லாம் ஊன்றிவிடுவார்கள். தைக்குள் பாதியை மாடு தின்றுவிடும், மீதியைக் குரங்கு பிடுங்கிவிடும், தப்பியதைப் பங்குனி வெயில் பார்த்துக்கொள்ளும். எனக்கு அலைச்சல் தந்தவையும் விதையோ நடுகையோ இல்லை. கடதாசி, வேலி, தண்ணீர் மூன்றும்தான். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கணக்குகள் எல்லாம் ஒரு பரப்புக்கு. 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 16 மீற்றர் நீளம், 16 மீற்றர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். வளவு அரை ஏக்கர் இருந்தாலும் முதல் வருசம் மரக்கறிக்கு ஒரு பரப்புக்கு மேல் தொடாதீர்கள். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு அது தாராளம்.

1. காணியின் கடதாசி

வன்னியில் காணி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று உறுதிக்காணி, அதாவது உறுதிப் பத்திரம் உள்ள தனியார் காணி. மற்றது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த காணி. இதற்கு அனுமதிப்பத்திரம் இருக்கும் (ஊரில் பெர்மிற் என்பார்கள்), அல்லது அதற்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் இருக்கும். உங்களுடையது எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

பெர்மிற் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, குத்தகைக்குக் கொடுக்கவும் முடியாது. "சத்தியக் கடதாசி முடிச்சுத் தாறன், பயப்பிடாதேங்கோ" என்று சொல்பவரிடம் காசு கொடுத்தால், நீங்கள் நட்ட மா காய்க்கிற நேரம் காணி வேறொருவரின் பெயரில்தான் இருக்கும். உறுதிக்காணி என்றால் நொத்தாரிசு காட்டுகிற பிரதியோடு நிற்காமல், காணிப் பதிவகத்தில் பதிவைப் பார்த்துவிட்டே முற்பணம் கொடுங்கள்.

பெர்மிற் அப்பாவின் பெயரிலோ அம்மப்பாவின் பெயரிலோ இருந்து அவர் காலமாகிவிட்டால், பின்னுரித்தாளராக யாரின் பெயர் பதிந்திருக்கிறது என்று பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கேளுங்கள். பெயர் மாற்றம் மாதக்கணக்கில் இழுபடும். அதை முடித்துவிட்டுத்தான் தோட்டம் என்று காத்திருக்கத் தேவையில்லை; ஆனால் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்த திகதி போட்ட பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு கோப்பு வாங்கி இவற்றைப் போட்டு வையுங்கள்: தேசிய அடையாள அட்டை, உறுதி அல்லது பெர்மிற், இருந்தால் நில அளவைப் படம், கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஒவ்வொன்றிலும் நாலைந்து பிரதி. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பெர்மிற்றில் இன்னொரு எழுத்து என்று பெயர் மாறியிருப்பது இங்கே சாதாரணம். இடம்பெயர்ந்த காலத்தில் கடதாசி தொலைத்து, பிறகு புதிதாக எடுத்தவர்களுக்கு இது கூட. கிராம அலுவலரிடம் "இருவரும் ஒருவரே" என்று ஒரு கடிதம் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் இந்த ஒரு கடிதம் இல்லை என்று மேசை மேசையாக அனுப்பினார்கள். என்ன கடிதம் வேண்டும் என்று முதல் மேசையிலேயே ஒருவரும் சொல்லவில்லை.

இன்னும் மூன்று இடத்தில் கவனம். வயற்காணியை நிரப்பித் தோட்டமாக்க கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்; மேட்டுக்காணிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வளவில் பலாவோ பெண்பனையோ நின்றால் அனுமதி எடுக்காமல் தறிக்கக் கூடாது, பிரதேச செயலகத்தில் கேளுங்கள். காட்டோரக் காணியில் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் நிற்கிறதா என்று பற்றையை விலக்கிப் பாருங்கள். கல் நின்றால், அது பிழையான இடத்தில் நிற்கிறது என்று உங்களுக்கு எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், பிரதேச செயலகத்தில் எழுத்தில் பேசித் தீர்க்கும்வரை கத்தி வைக்காதீர்கள்.

2. கொத்துவதற்கு முன்

கனகாலம் ஆள் புழங்காத காணி என்றால், கண்ணிவெடி அகற்றிய பகுதியா என்று கிராம அலுவலரிடமும் அயலாரிடமும் கேளுங்கள். துப்புரவாக்கிய காணியிலும் துருப்பிடித்த ஏதாவது மண்வெட்டியில் தட்டுப்படலாம். தொடாதீர்கள், எடுத்து எறியாதீர்கள், மேலே குப்பை போட்டு எரிக்காதீர்கள். இடத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டு, 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

பற்றை வெட்ட ஜேசிபி பிடிக்கிறவர்கள் பக்கத்திலேயே நின்று பாருங்கள். மணித்தியாலக் கணக்கில் காசு என்பதால், சாரதி வேகமாக வழித்து மேல்மண் முழுவதையும் எல்லையில் குவித்துவிட்டுப் போய்விடுவார். பார்க்க மைதானம்போல் வடிவாக இருக்கும். மிஞ்சுவதில் கோரைகூட முளைக்காது. கிளப்ப வேண்டியது வேரைத்தான், மண்ணை வழிக்க வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். மெசின் வந்து போகிற நேரமும் கூலியில் சேருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அதில்தான் பிறகு சண்டை வரும்.

பாலை மரமோ வீரையோ நின்றால் விட்டுவிடுங்கள். பாலைப்பழ காலத்தில் குரங்குப் படை அதற்கும் வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த மரம் ஆளாக எத்தனை வருசம் எடுத்தது என்று நினைத்தால் கத்தி எடுக்க மனம் வராது.

3. வேலி

என் பக்கத்து வளவு ஆச்சி, நான் விதைப் பையோடு நிற்பதைப் பார்த்துச் சொன்னது: "பிள்ளை, விதை எங்கயும் ஓடாது. முதல் வேலியை அடை." செலவில் மிகப் பெரியது இதுதான். அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள்.

முழு வளவையும் அடைக்கக் காசு காணாவிட்டால் தோட்டம் செய்யும் ஒரு பரப்பை மட்டும் அடையுங்கள். சுற்றளவு 64 மீற்றர். நாலு வரி முட்கம்பி என்றால் 256 மீற்றர், ஐந்து வரி என்றால் 320. இரண்டு மீற்றருக்கு ஒரு தூண் வைத்தால் 32 தூண். தூண்களுக்கு நடுவில் அடிக்கு ஒரு கதியால் (வேர்விட்டுத் தளிர்க்கும் வேலித்தடி) என்றால் 210 வரை வேண்டும். கம்பி கிலோக் கணக்கில் விற்பார்கள். சுருள் எத்தனை மீற்றர் வரும் என்று கேட்டு வாங்குங்கள், மெல்லிய கம்பி நீளம் கூட வரும், துருவும் கெதியில் பிடிக்கும். தூணுக்கு சீமெந்துத் தூண் என்றால் ஒருமுறைச் செலவு. காட்டுத்தடி என்றால் கறையான் விடாது.

கதியாலுக்குச் சீமைக்கிளுவை, கிளுவை, பூவரசு மூன்றும் வரும். நான் சீமைக்கிளுவை பக்கம். ஐந்தாறடித் தடியாகச் சரிவாக வெட்டி, ஓரடி ஆழத்தில், மழை தொடங்குகிற ஐப்பசி, கார்த்திகையில் நட்டால் பிடிக்கும். கோடையில் நட்டது விறகு. அடுத்த வருசத்திலிருந்து அதன் குழையே பசளை, ஆடு வைத்திருந்தால் தீனும் அதுவே. பூவரசு நல்ல மரம்தான். பாத்திக்குக் கிட்ட வைத்தால் வேர் வந்து எருவையெல்லாம் உறிஞ்சிவிடும்.

இனி எந்த வேலி எந்த மிருகத்துக்கு என்று பார்க்க வேண்டும். கட்டாக்காலி மாட்டுக்கு நாலு வரிக் கம்பி காணும். பன்றி கம்பிக்குக் கீழால் வரும். வேலியின் அடியில் குனிந்து பாருங்கள்: மண் கொஞ்சம் பள்ளமாகி, கடைசிக் கம்பியின் முள்ளில் கறுத்த மயிர் நாலு சிக்கியிருந்தால் அதுதான் அதன் வழி. கடைசி வரியை நிலத்திலிருந்து 15 சென்ரிமீற்றருக்கு இறக்கி, அந்த இடத்தில் கல்லோ பழைய தகரமோ அரையடி தாழ்த்துப் புதையுங்கள். மரவள்ளியும் வற்றாளையும் வைத்தால் பன்றியை வெற்றிலை வைத்து அழைத்த மாதிரி. அவற்றை வீட்டுக்கு மிகக் கிட்ட வையுங்கள்.

மயிலுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. முளை வரும் முதல் இரண்டு மூன்று கிழமைக்குப் பாத்தி மேல் பழைய மீன்வலை விரித்தால் தப்பலாம். குரங்குக்கு நிச்சயமான வழி ஒன்றை நான் இன்னும் காணவில்லை. நாய் வேண்டும், ஆள் நடமாட்டம் வேண்டும். குரங்கு குறையத் தொடுகிற மிளகாய், பாகல், தேசி, கறிவேப்பிலை, வல்லாரை போன்றவற்றை மரங்களுக்குக் கிட்ட உள்ள பக்கத்திலும், பூசணி, பயிற்றை, பப்பாசியை வீட்டுப் பக்கத்திலும் வைப்பது பாதி இழப்பைக் குறைக்கும்.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டோரங்களில் யானையும் வரும். யானைக்கு முட்கம்பி நூல் மாதிரி. அங்கே வாழையைக் காட்டுப் பக்கம் வைக்காதீர்கள். மின்வேலி போடுவதென்றால் அதற்கென்று உள்ள கருவியோடு, வனசீவராசிகள் திணைக்களத்தோடு பேசித்தான் போடலாம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொழுவுவது சட்டவிரோதம். அதில் சாவது இருட்டில் வேலியைத் தாண்டுகிற அயலவனாகவும் இருக்கலாம்.

4. தண்ணீர்

வன்னியில் மழை வடகீழ்ப் பருவத்தில் கொட்டும். ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரை. அதன் பிறகு சித்திரையில் கொஞ்சம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே கிணற்றை மாரியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆவணியில், புரட்டாதியில் பாருங்கள். அப்போது ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று அளவுங்கள். காலையில் இறைத்து, பின்னேரம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பாருங்கள். கோடையில் எத்தனை பாத்தி வைக்கலாம் என்பதை அந்த ஊற்றுத்தான் தீர்மானிக்கும்.

கணக்கு இப்படி: கோடையில் மரக்கறிக்கு நாளுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் தண்ணீர் வேண்டும் என்று வைத்தால், ஒரு பரப்பு முழுவதும் பயிர் நிற்கும்போது நாளுக்கு 1,250 லீற்றருக்குக் கிட்டப் போகும். 1,000 லீற்றர் தாங்கி ஒன்றுக்கு மேல். அதனால்தான் கோடையில் கால் பரப்போடு நிற்கச் சொல்கிறேன். வைக்கோல், காய்ந்த குழை, பனையோலை எதையாவது பாத்தி மேல் மூடாக்காகப் போட்டால் இறைப்பு இன்னும் குறையும். தண்டில் முட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லாவிட்டால் கறையான் நேரே செடிக்குள் ஏறிவிடும்.

தண்ணீர் சவரா (உப்பா), வைரமா (சுண்ணாம்பு கூடியதா) என்று வாயில் வைத்தே பாதி சொல்லலாம். மீதியைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் பரிசோதிக்கலாம். கட்டணம் எவ்வளவு, போத்தல் எப்படிக் கழுவ வேண்டும், எத்தனை மணிக்குள் கொண்டுவர வேண்டும் என்று முதலே கேட்டுப் போங்கள். குழாய்க்கிணறு அடிப்பதென்றால் மெசின்காரரிடம் போக முன்னர் நீர்வளச் சபையில் விசாரியுங்கள். மெசின்காரர் அடி ஆழத்துக்குத்தான் காசு வாங்குவார், தண்ணீருக்கு இல்லை. வராவிட்டால் என்ன கணக்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

சொட்டு நீர்ப்பாசனம் நல்லது. தாங்கியை ஆறடி உயரத்தில் வைத்தால் சிறிய தோட்டத்துக்கு மோட்டர்கூட வேண்டாம். ஆனால் வைரத் தண்ணீர் என்றால் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைபடும். கிழமைக்கு ஒருக்கா குழாய்களின் கடைசி முனையைத் திறந்து கழுவி விடுங்கள். வடிகட்டி இல்லாத தொகுதியை மலிவு என்று வாங்காதீர்கள்.

5. கமநல சேவை நிலையமும் போதனாசிரியரும்

இரண்டும் வேறு வேறு திணைக்களம். புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். உங்கள் பிரிவின் கமநல சேவை நிலையத்தில் விவசாயியாகப் பதிந்துகொள்ளலாம், கமக்காரர் அமைப்பில் சேரலாம். உதவித்திட்டம் ஏதும் வந்தால் பட்டியல் அங்கிருந்துதான் போகும். பயிரைப் பற்றிக் கேட்க வேண்டியது விவசாயத் திணைக்களத்தின் போதனாசிரியரிடம். அவர் அரைவாசி நாள் வெளிக்களத்தில் நிற்பார். அலுவலகத்தில் இருக்கும் நாளைக் கேட்டுவிட்டுப் போங்கள். மேலே சொன்ன கோப்பைக் கொண்டு போனால் ஒரே நாளில் முடியும் வேலை.

அவசரத்துக்கு 1920க்கு அழைக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனைச் சேவை, தமிழிலும் கதைப்பார்கள். "இலை மஞ்சளாகுது" என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய ஏலாது. எந்தப் பயிர், நட்டு எத்தனை நாள், மஞ்சள் அடியிலையிலா குருத்திலா, என்ன மருந்து ஏற்கெனவே அடித்தது என்று எழுதி வைத்துக்கொண்டு எடுங்கள்.

6. மண்

மேட்டுக்காணிகளில் பெரும்பாலும் செங்கபில மண். காய்ந்தால் அலவாங்கு துள்ளும், ஊறினால் செருப்போடு கூட வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சில நாள்தான் கொத்த வசதி. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, பெருவிரலால் தட்டினவுடன் உதிர்ந்தால் அன்று கொத்தலாம். உருண்டை நசிந்து விரலில் ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். ஈரமாகக் கொத்தின கட்டி வெயிலில் செங்கல்லாகிவிடும், பிறகு அந்தப் போகம் முழுவதும் கட்டி உடைப்பதுதான் வேலை.

எரு சதுர மீற்றருக்கு ஒரு கிலோ, ஆகப் பரப்புக்கு 250 கிலோ அளவில் போடுங்கள். உழவு இயந்திரப் பெட்டியில் கொண்டுவந்து பறிப்பார்கள். வாங்க முன் குவியலுக்குள் கையை விடுங்கள். சூடாக இருந்தால், சாணி மணம் அடித்தால், இன்னும் உக்கவில்லை. அதைப் போட்டால் பயிருக்கு முன்னர் முள்ளுக்கீரையும் புல்லும் முளைக்கும். கறுத்து, உதிரியாக, மழை மண் மணம் வந்தால் சரி. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தின நேரம் வளவில் எருக்குழி வைத்திருந்தவர்கள்தான் மரக்கறி தின்றார்கள். ஆவணியில் ஒரு குழி வெட்டிக் குழையும் சாணியும் மாறி மாறிப் போட்டு ஈரமாக வைத்திருந்தால் மூன்று மாதத்தில் உங்களுடைய எரு வரும்.

7. எந்த மாதம் எது

ஆவணி, புரட்டாதி: வேலி, எரு, பழமரக் குழிகள். புரட்டாதி நடுவில் மிளகாய், கத்தரி நாற்று.

ஐப்பசி முதல் மழையோடு: வெண்டி, பயிற்றை, பூசணி, பாகல், புடோல் நேரடியாக விதைக்கலாம். வெண்டி விதையை முதல் நாள் இரவு ஊற வையுங்கள். மிளகாய் நாற்றை ஐப்பசிக் கடைசியில் பிடுங்கி நடலாம்.

கார்த்திகையில் பாத்தியை உயர்த்தி வாய்க்காலை வெட்டி விடுவதைத் தவிர வேறு பெரிய வேலை வைக்காதீர்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி வன்னிக்கு மேலால் போனது. அந்த மாதிரி நாட்களில் தாழ்ந்த பாத்தி ஒரே இரவில் குளமாகிவிடும். தக்காளியை இந்த மழைக்குள் வைப்பது வீண். கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில் நட்டால், தை, மாசிக் குளிர்ச்சியில் நன்றாகக் காய்க்கும். கோவா, பீற்றூட் ஆசை உள்ளவர்களுக்கும் அந்த இரண்டு மூன்று மாதம்தான்.

பங்குனிக்குப் பிறகு கத்தரியைத் தாழ வெட்டி மறுதாம்புக்கு (மறுபடி தளிர்த்துக் காய்க்க) விடலாம், கீரை, வெண்டி, பயிற்றை என்று கிணற்றுக்கேற்ற அளவில் வைக்கலாம். முருங்கை தன் பாட்டில் காய்க்கும்.

இடைவெளி: மிளகாய் 60க்கு 45 சென்ரிமீற்றர், கத்தரியும் வெண்டியும் 90க்கு 60. கன்று சின்னதாக நிற்கும்போது இடம் வெறுமையாகத் தெரியும். நடுவில் இன்னொன்று செருகாதீர்கள்.

8. நாற்றுமேடை

3 மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், 15 சென்ரிமீற்றர் உயரம். மண்ணை நனைத்து, மேலே வைக்கோலும் உமியும் மாறி மாறிப் பரப்பி, காற்றுக்கு எதிர்ப் பக்கமாகக் கொளுத்துங்கள். மெதுவாக எரிய வேண்டும். மண்ணில் உள்ள அழுகல் நோயும் களை விதையும் இதில் போகும். ஆறின பிறகு சாம்பலைக் கிளறி, பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு வரி கீறி, விதையை ஐதாகப் போட்டு மூடுங்கள். வெள்ளை ஈ நுழையாத சன்ன வலையால் கூடாரம் மாதிரி மூடினால், பிறகு இலைச்சுருள் நோயோடு மல்லுக்கட்டுவது வெகுவாகக் குறையும். நாலு கிழமையில் நடலாம். நடுவதற்கு முதல் கிழமை தண்ணீரைக் குறைத்து வெயில் காட்டுங்கள். பின்னேரம் நடுங்கள்.

கடையில் நாற்று வாங்கலாமே என்றால் வாங்கலாம். ஒவ்வொரு தட்டிலும் இரண்டைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். பழுப்பு நிறமாகச் சுருண்டிருந்தால் வயது போனது.

9. பழமரங்கள்

மாவுக்கும் தேசிக்கும் மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு, மேல்மண்ணோடு எருவைக் கலந்து மூடிவிட்டு, ஒன்றிரண்டு மழையில் இறுக விடுங்கள். மாவுக்கு இடைவெளி 8 மீற்றர். கன்று ஐப்பசி, கார்த்திகையில்.

கறுத்தக்கொழும்பான் மா என்று ஒரு கடையில் எனக்குத் தந்த கன்றில் ஒட்டுக்குக் கீழே வந்த தளிர்தான் செழித்து நின்றது, ஒட்டின கொப்பு செத்துக்கிடந்தது. கடைக்காரர் "அது பிறகு வரும் அண்ணை" என்றார். வராது. ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்: இரண்டு தோலும் ஒன்றாகப் பொருந்தி மேடு தட்டியிருக்க வேண்டும், பொலித்தீன் நாடா தண்டை வெட்டியிருக்கக் கூடாது. ஒட்டுக்குக் கீழே எது முளைத்தாலும் கிள்ளிவிடுங்கள். லொறியில் கொண்டுவந்து தெருத் தெருவாக விற்கும் கன்றை, படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும், வாங்க வேண்டாம்; விவசாயத் திணைக்களத்தின் அத்தாட்சிச் சீட்டுள்ள கன்று கொஞ்சம் விலை கூட, நாலாம் வருசத்தில் அந்த வித்தியாசம் தெரியும்.

பப்பாசிக்குப் பெரிய எதிரி தேங்கின தண்ணீர். இரண்டு நாள் அடியில் நின்றால் மரம் செத்துவிடும். மேடு கட்டி நடுங்கள். நாட்டு விதை என்றால் குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்த பிறகு ஆண் மரத்தைத் தறித்துவிடுங்கள். எட்டு ஒன்பது மாதத்தில் பழம் தின்னலாம். வாழையில் இதரையும் கதலியும் இங்கே நன்றாக வரும். சோளகம் முறிக்காத மறைப்பில், குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கமாக வையுங்கள்.

10. செலவு எங்கே போகும்

விலைகள் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாயில் எழுதவில்லை. கூடியதிலிருந்து குறைந்தது வரிசையில்: வேலி, கிணறு, மோட்டர், குழாய், நிலம் திருத்துகிற கூலி, எரு, ஒட்டுக்கன்று, வலை, விதை. விதைக்குப் போவது சில்லறை. வேலிக்கு இரண்டு கடையில் விலை கேட்டு, அதற்கு மேல் கால்வாசி கூட்டி ஒதுக்குங்கள்; ஆணி, கட்டுக்கம்பி, ஏற்றுக்கூலி என்று அது வந்தே தீரும். ஆட்களுக்கு நாட்கூலியா ஒப்பந்தமா என்று தொடங்க முன் பேசுங்கள். வேலிக்கு ஒப்பந்தம் நல்லது, கொத்துவதற்கு நாட்கூலி நல்லது. நெல் வெட்டும் மாதங்களில் ஆள் கிடைக்காது.

11. நோய், மருந்து, விதை

கத்தரியோ தக்காளியோ பச்சையாக நிற்கும்போதே திடீரென்று வாடினால், தண்ணீர் காணாது என்று ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீருக்குள் ஆடாமல் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டின முகத்திலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அது பற்றீரியா வாடல். அதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் கத்தரி, தக்காளி, மிளகாய் வைக்காமல் பயிற்றைக்கோ வெண்டிக்கோ மாறுங்கள். மருந்துக்கடையில் இதற்கும் ஒரு போத்தல் எடுத்துத் தருவார்கள், வேண்டாம்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைச் சாறே முதலில்: லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் இடித்த பருப்பு, இரவு ஊறவிட்டு, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துப் பின்னேரத்தில் அடியுங்கள். பாகலில் பழ ஈ வந்தால், பிஞ்சைக் கடதாசி உறையால் மூடிக் கட்டுங்கள். குத்துப்பட்ட காயைப் பொறுக்கிப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். கடை மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால், அடித்து எத்தனை நாளின் பின் ஆயலாம் என்று போத்தலில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு அடியுங்கள்.

பக்கற்றில் கலப்பின விதை என்று போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. நாட்டுக் கத்தரி, வெண்டி, பயிற்றை, பூசணி என்றால் நடுக்காய்ப்பில் நல்ல மரத்தின் காயை முற்ற விட்டு, நிழலில் உலர்த்தி, சாம்பல் பிரட்டிப் போத்தலில் அடையுங்கள். மாதத்தை எழுதி ஒட்டுங்கள். ஆவணி முடிய முன்னர் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைய முளைத்தால் உடனே புதிதாக வாங்குங்கள். புரட்டாதி பிறந்தால் கடைகளில் நல்ல விதைதான் முதலில் முடியும்.